பனைகள் குனிந்த பருவம்

முன்னொரு காலத்திலே, கதைகளுக்கு இன்னும் கால் வலிக்கத் தொடங்காத காலத்திலே, செம்மணல் மேடாகக் கிடந்த தேரிக்குத் தெற்கே, கடலின் இரைச்சல் காதுக்கு எட்டியும் கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்திலே, பொறுமைபுரம் என்று ஒரு ஊர் இருந்தது. ஊருக்கு நாற்பத்தொரு வீடு, வீடுகளுக்கு நடுவே ஓலைக்கூரை போட்ட ஒரு வேதக்கோயில், கோயிலுக்கு ஒரு உபதேசியார், உபதேசியாருக்கு ஒரு மனைவி, இவை எல்லாவற்றையும் சுற்றி யாரும் எண்ணி முடித்திராத பனைகள். உபதேசியாருக்குச் சுவிசேஷமுத்து என்று பேர். மனைவி பேர் பரிபூரணம். பரிபூரணம் காய்ச்சல் கண்டு, மாசி மாதம் இருபத்தேழாம் தேதி உச்சிவேளைக்குச் சற்று முன்னால் இறந்துபோனாள். அவளை அடக்கம் பண்ணின ஐந்தாம் நாள் விடியும்போது ஊரிலுள்ள பனைகள் எல்லாம் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றன.

ஒடியவில்லை, முறியவில்லை, ஒரு ஓலைகூட உதிரவில்லை. பத்து ஆள் உயரத்து மரங்கள், கிணற்றுக்குள் விழுந்த தோண்டியை எட்டிப் பார்க்கிறவர்கள் குனிவதுபோலக் குனிந்து, கொண்டையைச் சிறுபிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. பருவத்தின் முதல் கலயங்களைக் கட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பாளையில் தொங்கின அந்தக் கலயங்கள் கவிழாமல், ஒரு சொட்டுப் பதநீரும் சிந்தாமல், வாய் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன. காலில் நார்வளையமும் இடுப்பில் பாளையரிவாளுமாக ஏற வந்த ஆண்கள் ஏற இடமில்லாமல் நின்றார்கள். முதலில் வாயைத் திறந்தவர் கோயில்பிள்ளை. அவர் ஊரிலேயே அதிகப் பனை ஏறுகிறவர், நாளுக்கு நாற்பது மரம், காலையும் மாலையும். கோயிலில் காணிக்கைப் பை பிடிக்கிறவரும் அவர்தான், ஆகையால் எந்தக் காரியத்திலும் ஊர் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கும். அவர், பதநீர் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவியிருந்த ஒரு கலயத்துக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "சுண்ணாம்பு சரியாத்தான் இருக்கு" என்றார். அதோடு, மரம் ஏன் குனிந்தது என்பதைப் பற்றி ஊர் பேசவேண்டியது தீர்ந்துபோயிற்று. இனி எப்படி இறக்குவது என்பதுதான் பேச்சு.

முதல் வாரம் ஆண்கள் படுத்துக்கொண்டே ஏறினார்கள். ஏறாமல் இறக்கினால் அடுத்தவன் மரத்தில் திருடினதுபோல இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியது. ஆகவே வழக்கம்போலக் காலில் வளையத்தை மாட்டி, வளைந்து கிடந்த மரத்தின் மேல் நெஞ்சை வைத்து, கையால் கட்டிப் பிடித்து, அடியிலிருந்து கொண்டை வரைக்கும் மெதுவாக ஊர்ந்துபோய், கலயத்தைக் கழற்றி, வந்த வழியே பின்னால் ஊர்ந்து வந்தார்கள். பதநீர் காய்ச்சும் குடிசைகளின் வாசலில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாம் நாள் கோயில்பிள்ளையின் மனைவி சீயோன், அகப்பையை ஓங்கிப் பிடித்தபடி, "ஏறுதீரா, நீந்துதீரா?" என்று கேட்டாள். எட்டாம் நாள் கோயில்பிள்ளை வளையத்தைக் கழற்றிச் சுவரில் தொங்கவிட்டார். மற்றவர்களும் தொங்கவிட்டார்கள்.

கலயங்களை இறக்கித் தீர்ந்து பனி உலருகிற நேரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொள்ளும்; பொழுது சாயும்போதும் விடியும்போதும் கலயம் இறக்குகிறவரை மறுபடி குனியும். காக்கைகளுக்கு இது இரண்டு நாளில் பழகிவிட்டது. ஆடுகளுக்கு அதற்கு முன்னாலேயே பழகிவிட்டது: வாய்க்கு எட்டின கலயத்தில் முகத்தை விட்டுக் குடித்துவிட்டு, மத்தியானம் வரை சிரித்த முகமாகப் படுத்துக் கிடந்தன. ஆட்டை விரட்ட ஆள் வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளை விட்டார்கள். ஆட்டை விரட்ட மரத்தடியில் நிற்கிற பிள்ளை அப்படியே கலயத்தைக் கழற்றிக்கொண்டு வந்தால் என்ன என்று யாரோ ஒருவர் நினைத்தார். கலயத்தைக் கழற்றுகிறவள் அப்படியே பாளையையும் சீவினால் என்ன என்று இன்னொருவர் நினைத்தார். சித்திரை பிறக்கும்போது ஆண்கள் செய்த வேலை முழுவதும், ஒரு சண்டையில்லாமல், ஒரு வார்த்தையில்லாமல், எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பதினேழு பெண்பிள்ளைகள் தலையில் வந்து இறங்கியிருந்தது. அவர்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலை, அதாவது விறகு பொறுக்குவதும், பதநீர் சுமப்பதும், அடுப்புக்கு ஓலை தள்ளுவதும், அதுபாட்டுக்கு அப்படியே இருந்தது.

ஆண்கள் கோயிலுக்குப் பக்கத்துப் புளிய நிழலில் உட்கார்ந்தார்கள். பிறந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து நெஞ்சிலே இருந்த காய்ப்பு மெல்ல உரிந்து உதிர்ந்தது, உள்ளங்கால் பிள்ளைக்கால்போல ஆனது. அடுத்த ஊர்ப் பனைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம், எங்கள் ஊர்ப் பெண்ணுக்குப் பாளை சீவத் தெரியும் என்று சொன்னார்கள். மரம் குனிந்தது உபதேசியாரம்மாவின் ஜெபத்தால்தான் என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. பாவம், பிள்ளைக்காகப் பதினெட்டு வருஷம் அழுதாள், அது கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக ஊருக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று சொல்லி, பனி உலரும்வரை தூங்கினார்கள்.

அவள் பிள்ளைக்காக அழவில்லை என்பது உயிரோடிருந்த ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் சுவிசேஷமுத்து.

பரிபூரணம் அந்த ஊருக்கு வரும்போது அவளுக்குப் பதினாறு வயது. பட்டணத்து மிஷன் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளை. கல்யாணமாகி வந்த பத்தாம் நாள், கோயிலுக்குப் பின்னால் கிடந்த ஓலைக்கொட்டகையைப் பெருக்கி, ஆற்றுமணல் கொண்டுவந்து கொட்டி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தாள். வீடு வீடாகப் போய் அழைத்தாள். பிள்ளையை அனுப்பாத வீட்டில் போய் மாவு இடித்துக் கொடுத்துவிட்டு, இடித்த நேரத்துக்குப் பிள்ளையைக் கேட்டாள். பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் பங்குனியில் பருவம் தொடங்கினால் பள்ளிக்கூடம் பூட்டு. ஆவணியில் திறக்கிறபோது பிள்ளைகளின் தலை, தேரி மணலில் காற்றடித்ததுபோல, எழுதினது எல்லாம் அழிந்து வழவழவென்று இருக்கும். மறுபடி முதலிலிருந்து. ஐப்பசியில் எழுத்துக் கூட்டுவார்கள், தை மாதம் வேதத்தைத் திறப்பார்கள், இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வம்ச வரிசையை வாசித்துக்கொண்டு போவார்கள், இரட்சகர் பிறப்பதற்கு நாலு தலைமுறை இருக்கும்போது பருவம் வந்துவிடும். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் பிறக்கவில்லை.

முதல் வருஷத்துப் பங்குனியில், விடிந்தும் விடியாமலும் அவள் கொல்லைப்பக்கம் போய், பனங்காட்டைப் பார்த்து நின்று, முக்காடு போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல, "ஆண்டவரே, மரத்த வெட்டச் சொல்லல. கொஞ்சம் குனிஞ்சு குடுக்கச் சொல்லும்" என்று கேட்டாள். பின்னால் வந்து நின்ற சுவிசேஷமுத்து அதைக் கேட்டுச் சிரித்தார். மறுநாளும் கேட்டாள். மறுநாள் அவர் சிரிக்கவில்லை. கோயிலில் கால்வாசிப் பேர் இன்னும் பழைய சாமிக்கும் ஒரு கண் வைத்திருந்த காலம். உபதேசியார் பெண்டாட்டி பனையேறிகளைக் குறைவாகப் பேசுகிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், காணிக்கை எடுக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்று அவர் பயந்தார்.

"ஏறுதவன் இதைக் கேட்டா என்ன நெனைப்பான்? நீ ஏறுதது கேவலம்னு சொல்லுத மாதிரி இருக்கு."

"அவிய ஏறாண்டாம்னு சொல்லல. பிள்ளைய கீழ நிக்காண்டாம்னு சொல்லுதேன்."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சீயோன் வேலியோரமாக வந்து, அம்மா தினமும் இங்கே நின்று கண்ணைத் துடைக்கிறார்களே, என்ன குறை என்று விசாரித்தாள். பரிபூரணம் வாயைத் திறப்பதற்குள் சுவிசேஷமுத்து சொல்லிவிட்டார், குழந்தைக்குத்தான் என்று. பரிபூரணம் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவர் பிற்பாடு பல வருஷம் யோசித்துப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஊர் அதை மனசில் எடுத்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, மழைக்கும் சீமை ராணிக்கும் வியாதியஸ்தருக்கும் ஜெபிக்கிற வரிசையிலே, உபதேசியாரம்மாவின் வயிறு திறக்கவேண்டும் என்று சபை முழுக்க முழங்கால் போட்டது. அவளும் முழங்கால் போட்டு ஆமென் சொன்னாள். வருஷம் ஏற ஏற ஊருக்கு ரோசம் வந்தது. நம் ஜெபத்தில் என்ன குறை என்று உபவாசம் இருந்தார்கள். சீயோன் யாரிடமோ கேட்டு வந்து, வெள்ளிக்கிழமைதோறும் வேர்களை இடித்து ஒரு கஷாயம் வைத்து, சூடு ஆறாமல் முந்தானையில் பொதிந்து எடுத்துவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பாள். பரிபூரணம் குடிப்பாள். குடித்துவிட்டு, செம்பைக் கழுவிக் கொடுத்து, உன் மகளை நாளைக்கு அனுப்பு என்பாள். இப்படிப் பதினெட்டு வருஷம். இறந்த அன்று காலையில், காய்ச்சலில் கண் மூடிக்கிடந்தவள், பள்ளிக்கூடத்தைப் பூட்டியாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றார் சுவிசேஷமுத்து. பூட்டின சாவி அவர் மடியில் இருந்தது.

வைகாசி நடுவில் பெரிய ஐயரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய ஐயர் என்பவர் முப்பது மைலுக்கு அப்பால் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார். வருஷத்துக்கு இரண்டு தடவை வண்டி கட்டி வருவார், மரம் குனியத் தொடங்கின பிறகு ஒரு தடவைதான் வந்தார், அதுவும் பனைகள் நிமிர்ந்து நிற்கிற நேரத்துக்குத்தான் வந்துசேர்ந்தார், ஆகையால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தில், உம்முடைய மறைந்த மனைவி பக்தியுள்ள ஸ்திரீயும் நல்ல ஆசிரியையுமாக இருந்தபடியால், அவளுடைய ஜீவிய சரித்திரத்தை மற்ற சபைகளின் பெண்களுக்கு முன்மாதிரியாக அச்சில் போட விரும்புகிறோம், நீர் நாலு பக்கத்தில் எழுதி, ஆராதனையில் சபைக்கு வாசித்துக் காட்டி, அது உண்மை என்று சபையில் இரண்டு மூப்பரின் கையெழுத்தும் வாங்கி அனுப்பும் என்று இருந்தது.

அதே வாரம் கோயில்பிள்ளை இன்னொரு காரியமாக வந்தார். மரியாதையாக வாசலில் நின்று, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். பிள்ளைகள் கை சுறுசுறுப்பாக இருப்பதால் இந்த வருஷம் கருப்பட்டி இரட்டிப்பு, வைக்க இடமில்லை. பள்ளிக்கூடக் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, அம்மா போன பிறகு அங்கே நடத்தவும் ஆள் இல்லை, கூரை ஒழுகாத இடம், கீழே உலர்ந்த மணல். கருப்பட்டி அடுக்க அதைவிட நல்ல இடம் எது என்று கேட்டார். "ஆவணியில தெறக்கணுமே" என்று சுவிசேஷமுத்து இழுத்தார். "யாருக்கய்யா?" என்று கோயில்பிள்ளை மெய்யாகவே தெரியாமல் கேட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சுவிசேஷமுத்து உட்கார்ந்து சரித்திரத்தை எழுதினார். அவள் பொறுமையுள்ளவள், கீழ்ப்படிதலுள்ளவள், புருஷனுடைய வார்த்தையைத் தட்டாதவள், பிள்ளை பாக்கியத்துக்காகப் பதினெட்டு வருஷம் கண்ணீரோடு ஜெபித்து, அது கிடையாதபோதும் முறுமுறுக்காதவள் என்று அழகாக வந்தது. ஒரு வார்த்தையையும் அடித்து எழுதவேண்டியிருக்கவில்லை. நாலாம் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. அதில் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டு வெளியே நடந்தவர், குனிந்த பனைகளுக்கு நடுவே கோயில்பிள்ளையின் மகள் ஞானப்பூ வருவதைப் பார்த்தார். பத்து வயசுப் பிள்ளை. தோளில் ஒரு காவடிக் கம்பு, கம்பின் இரண்டு பக்கமும் பதநீர்ப் பானைகள், ஒரு கையில் பாளையரிவாள், விரல்களில் துணி சுற்றியிருந்தது. அவரைப் பார்த்ததும் நின்றாள். கம்பை இறக்காமலே பேசினாள்.

"உபதேசியாரய்யா, பருவம் முடிஞ்சா பள்ளிக்கூடம்னு உபதேசியாரம்மா சொல்லுவாவ. இப்பம் பருவம் முடிஞ்சா என்னது?"

பிள்ளை சற்று நேரம் பதிலுக்காகக் காத்து நின்றாள். பானை கனத்தது, போய்விட்டாள். அவள் போன பிறகு சுற்றியிருந்த மரங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சுவிசேஷமுத்து அவை நிமிர்வதை முதல் தடவையாக முழுக்க நின்று பார்த்தார். பரிபூரணம் கேட்டது கிடைத்திருக்கிறது என்பதும், எதற்காகக் கேட்டாள் என்று ஊருக்குத் தெரியாதபடியால் அது பிள்ளைகளின் கழுத்துக்குக் கயிறாக ஆகிவிட்டது என்பதும், தெரியாதபடி செய்தது யார் என்பதும், மூன்றும் ஒரே நேரத்தில் அவருக்கு விளங்கின. சொன்னால் வேலை போகும். பதினெட்டு வருஷம் சபையைப் பொய்க்கு முழங்கால் போட வைத்தவனை எந்த ஐயர் உபதேசியாராக வைத்துக்கொள்வார்? சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாவி கை மாறும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. இரண்டு பாட்டு பாடி முடிந்ததும் அவர் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். பிறந்தது, படித்தது, வந்தது, பெருக்கினது, மாவு இடித்தது. மாவு இடித்த இடத்தில் பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பொறுமை, கீழ்ப்படிதல். ஆண்கள் தலையை ஆட்டினார்கள். மூன்றாம் பக்கத்தில் பிள்ளை பாக்கியத்துக்காக என்று வருகிற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். தாளைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, பிரசங்கக் குரலில் இல்லாமல், கடைக்குப் போய் வந்த விவரம் சொல்லுகிறவரைப்போல, அவள் கேட்டது குழந்தை இல்லை, பனை குனியவேண்டும் என்றுதான் கேட்டாள், குனிந்தால் இறக்குகிற வேலை சீக்கிரம் முடியும், இறக்குகிறவர்களே சுமந்து அடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் பருவத்திலும் படிக்கலாம் என்று கேட்டாள். குழந்தை என்று சொன்னது நான், உங்களுக்குப் பயந்து சொன்னேன் என்று சொன்னார்.

கோயில்பிள்ளை எழுந்து நின்றார்.

"அப்பம் பதினெட்டு வருஷமா நாங்க யாருக்குவே ஜெபம் பண்ணுனோம்?"

அதுவரை அவர் உபதேசியாரை, தன் வயசுக்காரனைக் கூப்பிடுவதுபோல, வே என்று பேசினது கிடையாது.

"எனக்கு" என்றார் சுவிசேஷமுத்து. "எம்மானத்துக்கு."

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து சீயோனின் குரல் வந்தது. கோயிலுக்குள் பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை, ஆகையால் அவள் உட்கார்ந்தபடியே, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"அந்தக் கசாயம்?"

பக்கத்திலிருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை.

"எட்டிக்காய் மாதிரி கசக்கும். நான் ஒரு தரம் நாக்குல வச்சுட்டு ரெண்டு நாள் சோறு திங்கல. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சாவளே." அவள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "எதுக்குத்தான் குடிச்சாவ?"

அன்றைக்குச் சாவியை யாரும் கேட்கவில்லை. சரித்திரத்தில் கையெழுத்துப் போடவும் யாரும் வரவில்லை. சுவிசேஷமுத்து அதைத் திருத்தி எழுதி, கையெழுத்து இல்லாமலே பெரிய ஐயருக்கு அனுப்பினார். அது ஏழு மாதம் கழித்து அச்சில் வந்தபோது, பொறுமை, கீழ்ப்படிதல் என்ற வரைக்கும் இருந்தது, மிச்சத்துக்கு இடம் போதவில்லை. அவருக்கு வேலையும் போகவில்லை. அந்தச் சம்பளத்துக்கு அந்தத் தேரிக்காட்டில் வந்து இருக்க வேறு யாரும் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. பனைகள் குனிந்தன. சீயோன் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மகள் கையிலிருந்த அரிவாளை வாங்கிக் கூரையில் செருகிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். கோயில்பிள்ளை வெளியே வந்து, பதநீர் என்ன ஆவது என்று கேட்டார். மரம் உமக்குத் தலை வணங்கத்தான் குனிந்தது என்று நினைத்தீரா, போய் எடும், எடுத்து நீரே காய்ச்சும் என்றாள். அந்தப் பேச்சு வேலிக்கு வேலி தாண்டிப்போய், உச்சிக்குள் நாற்பத்தொரு வீட்டிலும் அந்தந்த வீட்டுக் குரலில் பேசப்பட்டுவிட்டது. ஆண்கள் புளிய நிழலை விட்டு எழுந்து கலயம் கழற்றினார்கள். காய்ச்சவும் காய்ச்சினார்கள். பதம் தெரியாமல் முதல் மூன்று நாள் கருகல் வாடை கடல்வரை போனது. நாலாம் நாள் கருப்பட்டி பாதி கல்லாகவும் பாதி பாகாகவும் வந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு நேரம் கிண்டவேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் சொன்னார்கள்.

கொட்டகையில் பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுக்கச் சுவிசேஷமுத்துவை விட்டால் ஆள் இல்லை. அவர் பிள்ளைகளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, விரலால் பெரிதாக ஒரு எழுத்தை எழுதினார். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஞானப்பூதான் சொன்னாள், அம்மா எங்களுக்கு நேராகத் தெரிகிறமாதிரி எழுதுவார்கள் என்று. அவருக்கு முதலில் புரியவில்லை. பரிபூரணம், எதிரே இருக்கிற பிள்ளைகளுக்கு நேராக இருக்கவேண்டும் என்பதற்காக, தன் பக்கத்திலிருந்து எல்லா எழுத்தையும் தலைகீழாகவே எழுதியிருக்கிறாள். பதினெட்டு வருஷமும், ஒரு எழுத்து விடாமல், வேத வசனங்களையும்கூட. அவரும் தலைகீழாக எழுதிப் பார்த்தார். செத்த நண்டு மாதிரி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எழுந்து, சுற்றிக்கொண்டு போய், பிள்ளைகளோடு பிள்ளைகளாக அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினார். இப்படிப் பன்னிரண்டு நாள் நடந்தது.

பதின்மூன்றாம் நாள் விடியும்போது பனைகள் குனியவில்லை. ஆண்கள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கலயங்கள் பத்து ஆள் உயரத்தில் இருந்தன. பனி உலர்ந்தது, வெயில் ஏறிற்று, மரங்கள் மரங்களாகவே நின்றன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய்ச் சுவரில் தொங்கின வளையத்தை எடுத்துத் தூசி தட்டினார்கள். இனி நாள் முழுக்க ஏறவேண்டும். ஏறினால் சுமக்க ஆள் வேண்டும், விறகுக்கு ஆள் வேண்டும், அடுப்புக்கு ஆள் வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காலில் வளையமும் இடுப்பில் அரிவாளுமாக, ஏறிப் பழக்கம் விட்டுப்போன மெல்லிய நெஞ்சோடு, கொட்டகையைப் பார்த்து நடந்து வந்தார்கள்.

சுவிசேஷமுத்து பாடத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். வாசல் வெளிச்சம் மறைந்தது; நிமிர்ந்து பார்க்காமலே எத்தனை பேர் என்று நிழலைக்கொண்டு தெரிந்துகொண்டார். நாலு பேர் உள்ளே வந்து அவரவர் மகளைத் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி வாசல் தாண்டும்வரை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் தும்மினார். ஒருவர், தன் மகளின் வாய் அசைவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கூட நின்றவரிடம் இன்றைக்குக் காற்று பலமாக இருக்கிறது, ஏறுவது கஷ்டம் என்று சொல்லி நகர்ந்தார். அவர் பின்னால் இரண்டு பேர், பிறகு இன்னும் சிலர். கடைசியில் கோயில்பிள்ளை மட்டும் நின்றார்.

ஞானப்பூ தகப்பனைப் பார்த்தாள். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு முழங்காலை ஊன்றினாள். சுவிசேஷமுத்துவின் விரல் மணலில் அப்படியே நின்றது.

"வே" என்றார் கோயில்பிள்ளை. "இது எப்பம் முடியும்?"

"இன்னைக்கா?"

"மொத்தமும்."

"பருவத்துக்குள்ள முடியாது" என்றார் சுவிசேஷமுத்து. பொய் சொல்ல அவருக்கு ஒரு கணம் வாய் வந்தது, சொல்லவில்லை. "அடுத்த பருவத்துக்குள்ளயும் முடியாது."

கோயில்பிள்ளை மணலைப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது எதுவும் அவருக்குத் தெரியாது; எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது. மேலே பார்த்தார், கூரை நன்றாகத்தான் இருந்தது. வாசல் ஓரத்துச் சுவரில், காலையில் வரும்போது மகள் பழக்கத்தில் கையோடு எடுத்து வந்திருந்த காவடிக் கம்பு சாத்தியிருந்தது. அதை எடுத்தார். அவர் தோளுக்கு அது குட்டையாக இருந்தது. அதைத் தோளில் வைத்து, ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் சரிபார்த்து, "உக்காரு மக்கா" என்று சொல்லிவிட்டு, வெயிலில் காய்ந்த செம்மணலில் பிள்ளைக்கால்போல ஆன உள்ளங்கால் சுட, நிமிர்ந்து நின்ற மரங்களைப் பார்த்து நடந்துபோனார்.